தலைமைக்கு டிகிரி கேட்பவர்கள் யார்?



'சமுதாயத் தலைமைத்துவப் பயிற்சி' என்று ஒரு புதிய சரக்கு சந்தைக்கு வந்திருக்கிறது. பகுதி நேர வகுப்பு. முழுக்க முழுக்க இணையம் வழி. வாரத்தில் இரண்டு இரவு ஸூமில் உட்கார்ந்தால் போதும். சில மாதங்களில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் முடங்கிய பிறகு, இப்படிப்பட்ட வகுப்புகள் பெருகிவிட்டன. உங்கள் பிள்ளை கல்லூரி முடித்திருந்தால் அவன் கைத்தொலைபேசிக்கும் ஒரு விளம்பரம் வந்திருக்கும்.

விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். யாருக்கு இந்த வகுப்பு? 'வேலை செய்யும் நிபுணர்களுக்கு'. அதாவது பட்டம் வேண்டும். ஆங்கிலத்தில் தன்விவரம் எழுதி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்திலேயே நேர்முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பல வகுப்புகளுக்குக் கட்டணமும் உண்டு.

நான் கேட்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலை பார்ப்பவர் வேலை செய்யவில்லையா? கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர் தன் தொழிலில் நிபுணர் இல்லையா? தொழிற்சாலையில் இருபது ஆண்டாக ஒரே இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் அக்காவுக்கு அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தது, அதை விற்க வந்த பொறியியலாளருக்குத் தெரியுமா? வேலை செய்பவர்களுக்கு வகுப்பு என்று சொல்லிவிட்டு, உண்மையில் வேலை செய்கிறவர்களை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

இந்த வகுப்புகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இரவில் நடத்துவது நல்லது. இணையத்தில் நடத்துவது அதைவிட நல்லது. ஷிப்ட் முடிந்து வருகிறவர் பஸ் பிடித்து பெட்டாலிங் ஜெயா ஹோட்டலுக்குப் போக வேண்டியதில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் வீட்டிலிருந்தே கேட்கலாம். இந்த வசதி யாருக்கு அதிகம் தேவை? காரும் லேப்டோப்பும் வைத்திருப்பவருக்கா, நமக்கா? முறை நல்ல முறை. அதன் கதவில் தொங்கும் பூட்டைத்தான் உடைக்கச் சொல்கிறேன்.

யார் நமக்குத் தலைவர்களாக இருந்தார்கள்?

வரலாற்றைப் பாருங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து, சங்கம் அமைக்க விடு என்றார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

அந்தக் கோரிக்கையை எழுத எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது. தினமும் சைக்கிளை விட்டு இறங்கியவனுக்குத்தான் அது தோன்றும்.

அந்தப் போராட்டத்தில் முன்னே நின்றவர் ஆர். எச். நாதன். படித்தவர், தமிழ்ப் பத்திரிகைக்காரர். அவர் விண்ணப்பப் பாரம் வைத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளிக்காகக் காத்திருக்கவில்லை. தானே தோட்டங்களுக்குப் போனார். 1941 மே மாதம் அவரைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தினார்கள். தோட்டங்களுக்குள் படையை அனுப்பினார்கள். கூலிக்காரன் பேசக் கற்றுக்கொண்டான் என்பதில் ஆட்சிக்கு அவ்வளவு பயம்!

போருக்குப் பிறகு 1946, 1947இல் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை எதிர்த்து அணிவகுத்தவர்கள் தோட்டத்து இளைஞர்கள். மலாயா தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்ச் சாலைகளை நிரப்பிய பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் சட்டைப் பையில் தலைமைத்துவச் சான்றிதழ் வைத்திருந்தார்கள்? கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தானே?

அப்படியிருக்க, நம்மிடம் தலைமை இல்லை, அதைப் பட்டதாரிகள் வகுப்பில் கற்று வந்து நமக்கு ஊட்டிவிடுவார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

நம் பிளாட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் அக்கா எழுந்து வருகிறார். மருத்துவமனைக் கடிதம், போலிஸ் கடிதம், பெட்டி, வேன், சுடுகாட்டுப் பதிவு, வருகிறவர்களுக்குக் காப்பித் தண்ணீர் எல்லாவற்றையும் விடிவதற்குள் முடிக்கிறார். மரண சகாய நிதியை வசூலித்துக் கணக்கைக் கடைசிக் காசு வரை ஒப்படைக்கிறார். இதற்குப் பெயர் தலைமை இல்லாமல் வேறு என்ன? அந்த அக்காவிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: சட்டம் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க எவரும் வரவில்லை.

தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை

ஒரு வழக்கறிஞராக நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கொடுமை ஒன்று உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் வருகிறார். பதினைந்து, இருபது ஆண்டு உழைத்தவர். "நாளையிலிருந்து வராதே" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருப்பார். "கொஞ்ச நாள் பொறு, மேலே பேசிக் கூப்பிடுகிறேன்" என்றும் சொல்லியிருப்பார். இவரும் நம்பிக் காத்திருப்பார். நான் தேதியைக் கேட்பேன். எழுபது நாள் ஆயிற்று என்பார்.

அவ்வளவுதான். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம், பிரிவு 20. நியாயமின்றி நீக்கப்பட்டேன், என்னை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று முறையிட 60 நாள்தான் அவகாசம். ஞாயிறும் திருநாளும் அதில் அடக்கம். அதற்குள் தொழிலியல் உறவுத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. கட்டணமும் இல்லை. 59ஆவது நாளில் வந்திருந்தால் அந்த மனிதருக்கு ஒரு வழி இருந்தது. எழுபதாவது நாளில் நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பத்தான் முடியும்.

அவர் குடியிருக்கும் புளோக்கில் ஒரே ஒருவருக்கு அந்த 60 நாள் கணக்கு தெரிந்திருந்தால் போதுமே! ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பு காற்றோடு போயிருக்காதே! இதைச் சொல்லித் தராமல் 'மாற்றத்தின் முகவர்', 'தொலைநோக்குச் சிந்தனை' என்று மேல்தட்டு வார்த்தைகளை இரவு இரவாகப் பேசி யாருக்கு என்ன லாபம்?

நமக்குத் தேவையான ஆறு பாடங்கள்

குறை சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கமில்லை. நமக்கான வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஆறே ஆறு பாடங்கள்.

ஒன்று, வேலை. சம்பள சிலிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். இ.பி.எஃப்., சொக்சோ என்று பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். முன்பு அது 48. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். உங்கள் சிலிப்பில் அப்படி இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள்.

இரண்டு, காவல் நிலையம். நம் பையன்களைப் பிடித்துப் போனால் வீட்டில் அழுகைதான் முதலில் வருகிறது. அழுகைக்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி, ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை கொடுக்கிறது. கைது, தடுப்புக் காவல் நேரத்தில் குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞர் தரும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இயங்குகிறது. காவலில் வைக்கப்பட்ட பின் உயிரிழந்த குகனை 2009இல் பார்த்தோம். கணபதியை 2021இல் பார்த்தோம். இன்னும் எத்தனை பெயர் நமக்குத் தெரிய வேண்டும், இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு?

மூன்று, வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் வாங்கிக் குடியிருப்பது மலிவு விலை அடுக்குமாடிதான். லிப்ட் வேலை செய்யாது. தண்ணீர்த் தொட்டி ஒழுகும். மாதாமாதம் பராமரிப்புப் பணம் கேட்டுக் கடிதம் மட்டும் வரும். பணம் எங்கே போகிறது? 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பு ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். மூன்று முதல் பதினான்கு பேர் வரை கொண்ட செயற்குழுவை வீட்டு உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குழுவில் நீங்களும் நிற்கலாம்!

இங்கேதான் சூட்சுமம். கூட்டத்துக்கு வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வராவிட்டால்? அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. முந்நூறு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேர் எடுக்கும் முடிவு முந்நூறு வீட்டையும் கட்டும். "கூட்டமெல்லாம் நமக்கெதுக்கு" என்று நாம் டிவி பார்க்கும் இரவில், யாரோ பத்துப் பேர் நம் லிப்டுக்கும் நம் பணத்துக்கும் முடிவு எழுதுகிறார்கள். இன்னொன்று, பராமரிப்புப் பாக்கி வைத்திருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் வாக்கு இல்லை. கோபத்தில் பணம் கட்டாமல் இருந்தால் கோபத்தைச் சொல்லும் வாயையும் இழக்கிறோம். கட்டுங்கள். கட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

நான்கு, பத்திரங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதியாத திருமணத்தில், தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரிகிறது. அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஐந்து, பள்ளிக்கூடம். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. அதன் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது "தாள் எங்கே?" என்று கேட்கும் ஒரு தாய் போதும். அடுத்த ஆண்டு அவரே செயற்குழுவில் இருப்பார். உங்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எந்தத் தலைமைத்துவப் பள்ளி இருக்கிறது?

ஆறு, நகராண்மைக் கழகம். இந்த நாட்டில் ஒரு காலத்தில் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 1951இல் ஜோர்ஜ்டவுனில் அது தொடங்கியது. 1957இல் அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் என்ற தமிழர்! 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் தீபகற்பத்தில் மாநில அரசாங்கம் நியமிப்பவர்களே கவுன்சிலர்கள். உங்கள் சாக்கடை, உங்கள் தெருவிளக்கு, உங்கள் கோயில் நிலம் எல்லாவற்றுக்கும் முடிவெடுப்பவர் உங்கள் ஓட்டில் வந்தவர் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, கழகக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. போய் உட்கார்ந்திருக்கிறோமா?

இந்த ஆறையும் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாரத்தில் வரும் மலாய்ச் சொற்களை அப்படியே வைத்து விளக்க வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்களுக்குக் காலையில், பகல் ஷிப்டுக்காரர்களுக்கு இரவில். டேட்டா இல்லாதவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. கட்டணம் கிடையாது. சான்றிதழும் வேண்டாம். முடித்ததற்கு அடையாளம் ஒன்றுதான்: ஒவ்வொருவரும் ஒரு காரியத்தை உண்மையில் செய்து காட்ட வேண்டும். ஒரு மனு, ஒரு பதிவு, ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வி.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

நம் வீட்டுப் பட்டதாரிகளே! அந்த நிபுணர் வகுப்பில் இடம் கிடைத்தால் போங்கள். தடுக்கவில்லை. நாலு பேரைத் தெரிந்துகொள்வீர்கள், பேசக் கற்பீர்கள். ஆனால் உங்கள் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மறக்காதீர்கள். பால் வெட்டிய காசு, ஓ.டி. பார்த்த காசு, அடகுக்கடைக்குப் போன அம்மாவின் சங்கிலி. வகுப்பு முடிந்ததும் சான்றிதழைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கொண்டோமினியத்துக்குள் புகுந்துகொள்வதற்குப் பெயர் சமுதாயத் தலைமையா? நீங்கள் வளர்ந்த பிளாட்டுக்கு மாதம் ஓர் இரவு வாருங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். வாலிபால் கோர்ட்டில் ஒரு மேசையைப் போட்டு, நாலு பேருக்குப் பாரம் பூர்த்தி செய்யக் கற்றுக் கொடுங்கள். நீங்களே பூர்த்தி செய்து கொடுத்துவிடாதீர்கள். அவர் கையால் எழுத விடுங்கள். அடுத்த முறை அவர் இன்னொருவருக்குச் சொல்லித் தர வேண்டும்.

இப்படிப்பட்ட வகுப்புகளை நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் பட்டம், ஆங்கிலம், கட்டணம் என்ற மூன்று சல்லடையில் சலித்தபின் மிஞ்சுவது ஏற்கெனவே வசதி உள்ளவர்கள்தான். அவர்களுக்கு மேலும் ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சமுதாய சேவை என்று சொல்லாதீர்கள்.

"நமக்கெதுக்கு வம்பு?"

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. "வேலைக்குப் போய் வரவே நேரம் சரியாக இருக்கிறது. இதில் வகுப்பு வேறா?" உண்மைதான். ஆனால் அந்த 60 நாளைத் தவறவிட்டவருக்குப் பிறகு நேரம் நிறைய இருந்தது. வேலைதான் இல்லை. பினாங்கு கம்போங் புவா பாலா மக்கள் நீதிமன்றப் படி ஏறியபோது நிலம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிந்தன. முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஆகும் நேரம் குறைவு. பின்னால் அலைய ஆகும் நேரத்துக்குக் கணக்கில்லை.

"நான் படிக்காதவன், நான் என்ன பேச?" என்கிறார் இன்னொருவர். அரசியலமைப்பின் 8ஆவது விதி, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. டிகிரி வாங்கியவர்கள் மட்டும் சமம் என்று அங்கே எழுதவில்லை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமகன் எவரும் தானாகவே வாக்காளர் ஆகிறார். நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்க எஸ்.பி.எம். சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. அப்படியிருக்க, ஒரு புளோக்குக்குத் தலைமை ஏற்க ஏன் பட்டம் வேண்டும்?

ஆகவே உழைப்பாளித் தோழர்களே, தாய்மார்களே! இந்த மாதமே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் இ.பி.எஃப். கணக்கைத் திறந்து கடைசி பன்னிரண்டு மாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அடுக்குமாடியின் அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடியிருப்போர் சங்கத்தைக் கேளுங்கள். மூன்றாவது, உங்கள் மாடியில் ஐந்து குடும்பங்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அந்த 60 நாள் கணக்கை முதல் செய்தியாகப் போடுங்கள். ஆறு பாடங்களையும் நடத்த வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்து குடும்பம் கூடிவிட்டால் அவர்களைக் கூட்டி வருவது இயக்கத்தின் பொறுப்பு.

துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். விண்ணப்பப் பாரத்தைக் கண்டு இறங்கலாமா?

கற்போம்! கூடுவோம்! கேட்போம்!

உங்களில் ஒருவராகிய வழக்கறிஞர்